உரிமையாளர் அறியப்படாத பெருவிரல்

துறைமுகக் கூலிகள் வருகைப் பதிவேட்டின் அந்தப் பக்கத்தில் இருபது பேர் கைநாட்டு வைத்திருந்தார்கள். ஸ்கேன் செய்த படத்தில் பத்தொன்பதுதான் தெரிந்தன. இருபதாவதின் மேல் ஒரு நிஜமான பெருவிரல் இருந்தது.

கைநாட்டுகள் நூறு வருஷத்துக்கு முன்பு மை தொட்டு வைத்தவை. விரல் போன மாதம் வந்தது. பக்கத்தின் வலது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, நகத்தின் நடுவில் ஒரு பிளவோடு, சொந்த வீட்டுத் திண்டில் சாய்ந்த மாதிரி அது படத்துக்குள் கிடந்தது.

செம்பூரில் இருக்கும் மாநகர நினைவேடுகள் மின்மயமாக்கல் இயக்ககத்தின் தரப் பிரிவில் இதைக் கண்டுபிடித்தவர் மாலதி. காட்கோபரிலிருந்து வருகிறவர். படங்களைத் திரையில் ஓடவிட்டு, கோணல், மங்கல், மடிப்பு, நிழல் என்று குறை போடுவது அவர் வேலை. குறைகளின் அட்டவணையில் கடைசி இனம் 'மனித உறுப்பு'. அதுவரை யாரும் அந்தப் பொத்தானை அழுத்தியதில்லை. அழுத்தினால் என்ன ஆகும் என்று மாலதிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அழுத்தியிருக்க மாட்டார்.

அழுத்தியதும் பல அதிகாரிகளுக்கு ஒரே நேரத்தில் செய்தி போயிற்று. உறுப்பு விசாரணைக் குழு என்று ஒன்று அமைக்கப்பட்டது. அந்த வாரமே ஸ்கேன் கூடத்தில் வேலை பார்த்த சுஜாவுக்கு நோட்டீஸ் வந்தது: 'மேற்படி படத்திலிருந்து தங்கள் விரலை உடனடியாக அகற்றிக்கொண்டு, அகற்றிய விவரத்தை எழுத்து மூலம் தெரிவிக்கவும்.'

சுஜா நோட்டீசை இரண்டு முறை படித்தாள். பிறகு வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். விரல் கையில்தான் இருந்தது.

அவள் தாராவிக்காரி. கணவன் ஸ்டெர்லின் தோல் பை செய்யும் கார்கானாவில் வேலை பார்த்தவன். முதலாளி கார்கானாவை உல்லாஸ்நகருக்கு மாற்றியபோது பாதி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஸ்டெர்லின் மற்ற பாதியில் இருந்தான். அதிலிருந்து மாதம் பிறந்தால் வீட்டுக்கு நிச்சயமாக வருவது சுஜாவின் சம்பளம் ஒன்றுதான். அவளை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியின் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடியவிருந்தது. வருகை சரிபார்க்கப்பட்டவர்களுக்கு மட்டும் ஒப்பந்தம் நீட்டிக்கப்படும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள்.

சுஜாவின் வருகை சரிபார்க்கப்படவில்லை. அவள் தினமும் வந்துகொண்டுதான் இருந்தாள்.

வேலை கடினமானதல்ல. மடியில் கிடத்திய பிள்ளை மாதிரி பதிவேட்டைச் சாய்வுப் பலகையில் விரித்துவைக்க வேண்டும். பக்கத்தைத் திருப்ப வேண்டும், ஓரத்தைப் பிடிக்க வேண்டும், காலால் மிதியை அழுத்த வேண்டும், மேலே இருக்கும் காமிரா படமெடுக்கும். பிறகு அடுத்த பக்கம். ஆரம்பத்தில் எல்லோருக்கும் வெள்ளைப் பருத்திக் கையுறை கொடுத்தார்கள். கையுறையோடு திருப்பினால் ஒரே நேரத்தில் இரண்டு தாள் வந்தது, நாளின் இலக்கு எட்டவில்லை. ஆகவே கையுறைகளைத் திரும்ப வாங்கி அலமாரியில் பூட்டினார்கள். பெரிய மனிதர்கள் பார்வையிட வரும்போது எடுத்துக் கொடுப்பார்கள். அன்றைக்கு இலக்கு கிடையாது.

பழைய காகிதம் ஈரத்தைக் குடிக்கும். பிறகு தோலைக் குடிக்கும். மழைக்காலம் முடிவதற்குள் சுஜாவின் வலது பெருவிரல் வழுவழுவென்று கண்ணாடிக் கூழாங்கல் போல ஆகிவிட்டது. வாசலில் இருந்த விரல்ரேகை மிஷினில் அதை வைத்தால் ஒரு பெண்குரல் இந்தியில், "மறுபடி வைக்கவும்" என்றது. மறுபடி வைத்தால், "மறுபடி வைக்கவும்." கடைசியில், "மன்னிக்கவும்."

ஸ்கேன் கூடத்துப் பெண்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். விரலை நெற்றியில் தேய்த்துவிட்டு வை. தலைமுடிக்குள் விட்டு எண்ணெய் ஏற்றிக்கொண்டு வை. ஊதிவிட்டு வை. ஒருத்தி நாக்கால் நனைக்கச் சொன்னாள். சுஜா எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். மிஷின் மரியாதை குறையாமல் மன்னிப்புக் கேட்டது. காவலாளி முகம் தெரிந்தவர், உள்ளே விட்டுவிடுவார். அவள் நாள் முழுக்கப் பக்கம் திருப்புவாள். கணக்கில் ஆப்சென்ட் விழும்.

விசாரணைக் குழுவின் தலைவர் இயக்குநர் திருவேங்கடம். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக உத்தியோகம் பார்க்கும் குடும்பம். எந்தத் தகவலைக் கேட்டாலும் முதலில் கண்ணாடியைக் கழற்றி வருத்தப்படுவார். வருத்தம் முடிந்ததும் ஒன்றும் செய்ய மாட்டார். அவருக்குப் பக்கத்தில் சட்ட ஆலோசகர் மாதவ். சுவரோரமாக, சாட்சி என்ற முறையில், மாலதி.

"உக்காரும்மா," என்றார் திருவேங்கடம். "பயப்படாதே. இது விசாரணை இல்லை. விசாரணைக் குழு, அவ்வளவுதான்."

"தெரியாம பட்டுருச்சு சார். அந்தப் பக்கத்த மறுபடி எடுத்துத் தந்துருதேன். ரெண்டு நிமிசம் ஆவாது."

"எதிலேர்ந்து எடுப்பே?"

"அந்தப் பதிவேட்டுலருந்துதான் சார்."

திருவேங்கடம் கண்ணாடியைக் கழற்றினார். "அது எச்சமாயிடுத்தேம்மா."

இயக்ககத்தில் ஸ்கேன் முடிந்த பதிவேட்டுக்கு 'பௌதீக எச்சம்' என்று பெயர். வெள்ளிக்கிழமைதோறும் எச்சங்களை முற்றத்தில் அடுக்கி, ஒரு சாமந்தி மாலை போட்டு, படமெடுத்துக்கொண்டு, கல்யாணுக்கு அப்பால் இருக்கும் காகித ஆலைக்கு லாரியில் ஏற்றுவார்கள். ஏற்றுவதற்கு முன் இயக்குநர் பேசுவார். பேச்சு எல்லா வாரமும் ஒன்றுதான். "காகிதம் என்பது ஆவணத்துக்கு வந்த நோய். பூச்சி வருவது காகிதத்தால். தீப்பிடிப்பது காகிதத்தால். இடத்தை அடைப்பது காகிதத்தால். நாம் ஆவணத்தைக் குணப்படுத்தி அனுப்பிண்டிருக்கோம்." குணமானது எது, அனுப்பப்படுவது எது என்று யாரும் கேட்டதில்லை. லாரி கிளம்பும்போது கை தட்டுவார்கள்.

மாதவ் இந்தியில் கேட்டார்: "இந்த விரல் உங்களுடையதா?"

"ஆமா சாப்."

"யோசித்துச் சொல்லுங்கள். அன்றைக்கு நீங்கள் வேலைக்கு வரவில்லை."

"வந்தேன் சாப். மிஷின்தான் எடுக்கல."

"மிஷின் எடுக்கவில்லை என்றால் வரவில்லை. வராதவருடைய விரல் அரசாங்க ஆவணத்துக்குள் எப்படி வந்தது?"

சுஜா மாலதியைப் பார்த்தாள். மாலதி சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தார்.

"அன்னிக்கி அந்தப் பதிவேடு முழுக்க நாந்தான சார் எடுத்தேன்? நான் வரலன்னா யாரு எடுத்தா?"

"அதைத்தான் குழுவும் கேக்கறது," என்றார் திருவேங்கடம்.

சுஜா எழுந்துபோய்த் திரையில் இருந்த விரலுக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்தாள். அதே பிளவு. தாராவியில் தோல் பைக்கு உலோகக் கண்ணி அடிக்கும்போது விழுந்த பிளவு. "பாருங்க சார். ரெண்டும் ஒண்ணுதான?"

மூவரும் பார்த்தார்கள். மாலதி மட்டும் தலையாட்டப்போனார், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நீ சொல்றது மனுஷ ரீதியாச் சரி," என்றார் திருவேங்கடம். "ஆனா கண்ணால பாத்து ஒரு விரலை அடையாளம் காண எங்களுக்கு அதிகாரம் கிடையாது. அதுக்குத்தான் வாசல்ல மிஷின் வெச்சிருக்கு."

குழு எழுந்து வாசலுக்குப் போயிற்று. சுஜா விரலை வைத்தாள். மிஷின் மன்னிப்புக் கேட்டது. குழு திரும்பி வந்து உட்கார்ந்தது. படத்தில் இருப்பது 'உரிமையாளர் அறியப்படாத பெருவிரல்' என்று தீர்மானம் எழுதப்பட்டது. சுஜாவின் பெயர் சரிபார்க்கப்படாதோர் பட்டியலிலேயே இருந்தது. விரலை அகற்றாத குற்றத்துக்கு அவள் பெயரில் ஒரு குறிப்பும் சேர்ந்தது.

வீட்டில் இதைச் சொன்னபோது ஸ்டெர்லின் முதலில் சிரித்தான்.

"ஏட்டி, ஒன் வெரல படம் புடிச்சு வச்சிக்கிட்டு ஒன்ன இல்லங்கானுவளா? நல்ல கூத்துலா!"

"சிரிக்காதீங்க. மாசக் கடைசில நிறுத்திருவாங்க."

"ஒழுங்கா வேல பாக்கவள நிறுத்துவானா?"

"வேல பாத்தேன்னு எங்க இருக்கு? கணக்குல நான் மழ தொடங்குனதுலருந்து வீட்டுல கெடக்கேன்."

அவன் சிரிப்பதை நிறுத்தினான். அவள் கையை இழுத்து விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தான். தோலைத் தொட்டே வாழ்ந்தவன். விரலை ஒருமுறை தடவிவிட்டு, "பாலிஸ் போட்ட மாதிரிலா இருக்கு," என்றான்.

இதற்கிடையில் இயக்ககம் ஒரு நிரந்தரத் தீர்வைக் கண்டுபிடித்திருந்தது. ஒரு படத்தில் ஒரு விரல் என்றால், மற்ற லட்சக்கணக்கான படங்களில் எத்தனையோ? தேடுவதற்கு ஆள் போட்டால் அந்த ஆட்களுக்கும் விரல் இருக்கும். ஆகவே தானாக விரலைக் கண்டுபிடித்து நீக்கும் ஒரு மென்பொருளை வாங்கினார்கள். விற்க வந்த இளைஞன், நீக்கிய இடத்தில் காகிதத்தின் நிறத்தையே மென்பொருள் நிரப்பிவிடும், கோடு போட்ட தாளானால் கோட்டையும் இழுத்துவிடும் என்றான். திருவேங்கடம் பரவசப்பட்டார்.

சனி ஞாயிறு முழுக்க அது ஓடியது. திங்கட்கிழமை எந்தப் படத்திலும் விரல் இல்லை. முற்றத்தில் பேடா கொடுத்தார்கள். விரல் இருந்த பழைய படங்களை வைத்திருப்பது பிழையை வைத்திருப்பதாகும் என்பதால் அவற்றை அன்று மதியமே அழித்தார்கள். சர்வரில் இடமும் மிச்சமாயிற்று.

மாலதி இரண்டாவது பேடாவைக் கையில் வைத்துக்கொண்டு திரையில் பக்கங்களை ஓடவிட்டார். துறைமுகக் கூலிகள் பதிவேட்டின் முதல் பக்கம். பெயர், தகப்பன் பெயர், ஜில்லா, வேலை, கூலி. கைநாட்டுக்கான கடைசிக் கட்டம் சுத்தமாக இருந்தது. அடுத்த பக்கமும். அதற்கடுத்ததும். மென்பொருளுக்கு விரலுக்கும் விரல் பதித்த மைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சுஜாவின் விரல் போயிருந்தது. அதனோடு அத்தனை கூலிகளின் கைநாட்டும் போயிருந்தது. அவை இருந்த இடத்தில் மெல்லிய மஞ்சள் நிறமும், பிசிறில்லாத கோடுகளும்.

அவர் இயக்குநரின் அறைக்கு ஓடினார்.

திருவேங்கடம் பொறுமையாகக் கேட்டார். "விரலை எடுன்னு சொன்னோம். எடுத்திருக்கு. குறை எங்கே இருக்கு மாலதி?"

குறை அடுத்த வாரம் வந்தது. இயக்ககத்தில் இன்னொரு மென்பொருள் இருந்தது. பதிவேடுகள் நிறைவாக இருக்கின்றனவா என்று சரிபார்ப்பது அதன் வேலை. அது கூலிகள் பதிவேட்டைப் படித்துவிட்டு ஒவ்வொரு வரிக்கும் ஓர் ஆட்சேபம் எழுப்பியது: 'ஒப்புதல் பெறாமல் கூலி வழங்கப்பட்டுள்ளது. பெற்றவரிடம் விளக்கம் கேட்கவும்.' ஆட்சேபங்கள் தீராமல் டெல்லியிலிருந்து நிறைவுச் சான்று வராது. சான்று வராமல் அடுத்த வருஷத்து நிதி வராது. மாதவ் கூலிகளுக்கு அனுப்ப வேண்டிய விளக்கம் கோரும் நோட்டீசின் வரைவைக்கூட எழுதிவிட்டார். பெரும்பாலான முகவரிகளில் 'ஜில்லா திருநெல்வேலி' என்று மட்டும் இருந்ததால் அனுப்ப முடியவில்லை.

குழு மறுபடி கூடியது. கைநாட்டு இல்லாததுதான் குறை. அப்படியானால் கைநாட்டு வைத்துவிடலாம். பக்கங்களைப் பழுப்புத் தாளில் அச்சிடுவது, கடைசிக் கட்டத்தில் ஊழியர்கள் மையில் பெருவிரலைத் தொட்டு வைப்பது, மறுபடி ஸ்கேன் செய்வது, தாளைக் காகித ஆலைக்கு அனுப்புவது. இதற்கு 'மறுநிறுவல்' என்று பெயரிட்டார்கள். காகிதத்திலிருந்து விடுபட்ட ஆவணங்கள் திரும்பவும் காகிதத்துக்கு வந்தன.

மாதவ்தான் சிக்கலைப் பார்த்தார். "நம் ஊழியர்கள் எல்லோருடைய ரேகையும் ஆதாரில் இருக்கிறது. நாளைக்கு யாராவது ஒப்பிட்டுப் பார்த்தால், இவர்கள் அந்தக் காலத் துறைமுகத்திலும் கூலி வாங்கியிருக்கிறார்கள் என்றாகும். இரட்டைச் சம்பளம். நடத்தை விதிப்படி குற்றம்."

திருவேங்கடம் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை வருத்தப்படவில்லை.

"நம்மகிட்ட யாரோடதும் இல்லாத ஒரு விரல் இருக்கே," என்றார்.

சுஜாவைக் கூப்பிட்டு விட்டார்கள். மாதக் கடைசிக்குச் சில நாட்கள் இருந்தன. அவள் சாப்பாட்டுப் பையையும் எடுத்துக்கொண்டே போனாள், அப்படியே வெளியே அனுப்பினால் திரும்பி வந்து எடுக்க விடமாட்டார்கள் என்று.

"உனக்கு ஒரு கௌரவம் பண்ணலாம்னு இருக்கோம்," என்றார் திருவேங்கடம்.

மறுநிறுவல் உதவியாளர் என்பது பதவி. இனி அவள் பக்கம் திருப்ப வேண்டியதில்லை. தனி மேசை, மைப்பெட்டி, துடைக்கத் துணி. ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு. ஏஜென்சி இல்லை, நேராக இயக்ககம். மாதவ் நிபந்தனையை வாசித்துக் காட்டினார்: தினமும் காலை விரலை வாசல் மிஷினில் வைக்க வேண்டும். மிஷின் மறுத்தால் அன்றைக்கு அவள் வந்ததாக மாலதி கையெழுத்திடுவார். மிஷின் ஏற்றுக்கொண்டால் பதவி அந்த நிமிஷமே காலாவதி.

சுஜாவுக்கு இதில் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியில் வேலை இருந்தது.

"சார், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளேன்."

"அவங்களுக்கு ரேகை இருந்துச்சு சார். நான் பாத்திருக்கேன். ஒருத்தர் கைநாட்டுல குறுக்க ஒரு வெட்டு இருக்கும். ஒருத்தர் கை நடுங்கி ரெண்டு தடவ வச்சிருப்பாரு. நான் மொட்டையா வச்சா..."

"நீ பாத்திருக்கலாம். ஆனா பாத்தது ஆவணம் ஆகாதும்மா."

அவள் வேலையில் உட்கார்ந்தாள். முதல் தாளின் முதல் வரி: பூதத்தான், தகப்பன் சுடலை, ஜில்லா திருநெல்வேலி, நிலக்கரி சுமை. சுஜா விரலை மையில் தொட்டாள். கட்டத்துக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினாள். பக்கத்தில் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் இதை வைக்கலாமா என்று கேட்கத் தெரிந்திருக்காது. பதித்தாள். கோடு எதுவுமில்லாத ஒரு கறுப்பு முட்டை விழுந்தது. அடுத்த வரிக்குப் போனாள்.

வீட்டில் ஸ்டெர்லின் அன்றைக்கு ஆட்டுக்கறி வாங்கியிருந்தான்.

"சும்மா வெரல வச்சா சம்பளமா? எனக்கு ஒரு சீட்டு இருக்கான்னு கேளு."

"செத்தவங்களுக்குப் பதிலா வைக்கேன்."

"அவங்க வந்தா கேக்கப்போறாங்க?" என்றவன் ஒரு எலும்பை எடுத்துக்கொண்டு, "என்ன பேரெல்லாம் வருது?" என்றான்.

"பூதத்தான். பேராச்சி. எல்லாம் நம்ம பக்கத்துப் பேருதான்."

"பேராச்சியா? பொம்பளயுமா கரி தூக்குனாங்க?"

"தூக்கியிருக்காங்க."

ஸ்டெர்லின் எலும்பைத் தட்டில் வைத்தான்.

ஆட்சேபங்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. டெல்லியிலிருந்து சான்று வந்தது. இயக்ககம் மாட்டுங்காவில் ஒரு மண்டபத்தை எடுத்துக் கண்காட்சி வைத்தது. கூலிகள் பதிவேட்டின் பக்கங்களை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி விளக்குப் போட்டிருந்தார்கள். சுஜாவை வரச்சொல்லியிருந்தார்கள், நாற்காலி துடைக்க ஆள் போதவில்லை.

டெல்லியிலிருந்து வந்திருந்த ஆய்வாளர் ஒருவர் பக்கங்களின் முன்னால் வெகுநேரம் நின்றார். குனிந்து, நிமிர்ந்து, கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தார். திருவேங்கடத்தின் கழுத்தில் வியர்வை இறங்கியது. கடைசியில் ஆய்வாளர் மேடைக்குப் போய் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இந்தக் கைநாட்டுகளைப் பாருங்கள். ஒன்றில்கூட ரேகை இல்லை. சுமை தூக்கித் தூக்கி, கயிறு இழுத்து இழுத்து, இந்த மனிதர்களின் விரல்களே தேய்ந்துபோயிருக்கின்றன. உழைப்பு அவர்களுடைய அடையாளத்தையே தின்றுவிட்டது. இத்தனை வருஷ ஆராய்ச்சியில் இப்படி ஒரு சான்றை நான் கண்டதில்லை."

மண்டபம் கை தட்டியது. திருவேங்கடம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். "இது தேஞ்ச விரல்களின் சரித்திரம். இப்படிப்பட்ட உழைப்பை இனி நாம் பாக்கப்போறதில்லை. அந்தத் தலைமுறை போயிடுத்து. ஆனா அவாளோட அடையாளத்தை எங்கள் இயக்ககம் அழியாமக் காப்பாத்தியிருக்கு. இன்னும் தொடாத பதிவேடுகள் கிடங்கில் ஏராளம். ஆலைத் தொழிலாளர்கள், மீன் சந்தைப் பெண்கள், துப்புரவுப் பணியாளர்கள். எல்லாருக்கும் இதே தரம் கிடைக்கும்னு இந்த மேடையில வாக்குக் கொடுக்கறேன்."

சுஜா கடைசி வரிசையில், கையில் துணியோடு நின்று கை தட்டினாள். எல்லோரும் தட்டினார்கள்.

வாக்கு காப்பாற்றப்பட்டது. ஆய்வாளரின் கட்டுரை வெளியானதும், ரேகை தெரியும் பதிவேடுகள் தரக் குறைவானவை என்று கருதப்பட்டன. மீன் சந்தைப் பெண்களின் உரிமப் பதிவேட்டில் கைநாட்டுகள் துலக்கமாக இருந்தன. சுழிகளை எண்ணிவிடலாம். அவற்றையும் விரல்நீக்கி மென்பொருளுக்குக் கொடுத்து, அச்சிட்டு, சுஜாவின் மேசைக்கு அனுப்பினார்கள். அடுக்கு அவள் தலைக்கு மேலே உயர்ந்தது. வேலைக்குப் பஞ்சமே இருக்காது என்று மாலதி சொன்னார்.

பஞ்சம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஒரு காலையில் வாசல் மிஷின் உடனே மறுக்கவில்லை. ஏதோ யோசிப்பது போல ஒரு பச்சை விளக்கு மினுங்கியது. பிறகுதான், "மறுபடி வைக்கவும்."

மாலதி அதைப் பார்த்துவிட்டார். சுஜாவைக் கழிப்பறைப் பக்கம் இழுத்துப்போய்க் கையைத் திருப்பினார்.

"அரே, கோடு வருதுடி."

"வருதா மேடம்?"

"பக்கம் திருப்பறது இல்லல? தோல் தேறுது. லேசா ஓரத்துல சுழி தெரியுது பாரு." அவர் குரலைத் தாழ்த்தினார். "நேத்து நீ வச்சதுல மூணு தாள்ல ரேகை விழுந்திருக்கு. நான் மங்கல்னு போட்டு ஒதுக்கிட்டேன். ஒரு தடவ மறைக்கலாம். தெனம் மறைக்க முடியாது. சாகேப் கேட்டா நான் எதுவும் பாக்கல."

சுஜா தாராவி வரைக்கும் பஸ்ஸில் விரலை மடக்கி உள்ளங்கைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

ஸ்டெர்லினுக்குச் சந்தோஷம். "வந்துட்டா? இனி ரேசன் கடையில நான் ஓடி வரவேண்டாம். நீயே வச்சு அரிசி வாங்கிக்கலாம்லா!"

"இவ்வளவுதான் வந்திருக்கு. இன்னும் ஒரு வாரம் போனா மிஷின் எடுத்துக்கிடும்."

"எடுக்கட்டும். நல்லதுதான?"

"எடுத்தா வேல போயிரும்."

அவனுக்கு அது விளங்கச் சற்று நேரமாயிற்று. மிஷின் எடுக்கவில்லை என்று வேலை போகவிருந்தது. இப்போது எடுத்தால் போகும். அவன் இரண்டையும் விரலில் வைத்து எண்ணிப் பார்ப்பவன் போல உட்கார்ந்திருந்தான்.

"திரும்ப ஸ்கேன் வேலைக்கே கேளேன்."

"அதுல வேற ஆளு போட்டாச்சு. அவளுக்கும் இப்ப மிஷின் எடுக்கமாட்டேங்குது. நான் போனா அவள இங்க உக்கார வச்சிருவாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயில் தகரத்தில் அடித்து வீடு கொதித்தது. கீழே சந்தில் யாரோ தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சுஜா பரணிலிருந்து அவனுடைய சாமான் பையை இறக்கினாள். கத்தரி, ஊசி, மெழுகு, தோலின் ஓரத்தைத் தேய்க்க அவன் வைத்திருந்த உப்புத்தாள்கள். நான்கைந்து ரகம் இருந்தது. அவற்றைத் தரையில் பரப்பிவைத்து அவனைப் பார்த்தாள்.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா?"

"எது போடணும்னு ஒங்களுக்குத்தான் தெரியும்."

"அது மாட்டுத் தோலுக்கு. செத்த தோலுக்கு."

"நாளைக்குக் காலையில மிஷின்ல வைக்கணும்."

அவன் எழுந்து வாசலுக்குப் போனான். ஒரு பீடியை எடுத்தான், பற்றவைக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தான். தாள்களை ஒவ்வொன்றாகத் தன் கன்னத்தில் உரசிப் பார்த்து, இரண்டை ஒதுக்கிவிட்டு, மிக மெல்லியதை எடுத்தான். அவள் கையை வாங்கித் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டான். வெளிச்சத்தில் அந்தப் புதுச் சுழி தெரிந்தது, பச்சைப் பிள்ளையின் தலைச்சுழி மாதிரி.

"வலிச்சா சொல்லு."

"சொல்லுதேன்," என்றாள் சுஜா. "ரத்தம் மட்டும் வராமப் பாத்துக்கிடுங்க. தாள்ல பட்டுச்சுன்னா மனுச உறுப்புன்னு போட்டுருவாங்க."